வீட்டோர மரத்தில் பெரிய கிளையை இறக்குவது எப்படி

புரட்டாசி பிறந்ததும் வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மொட்டை மாடி மேல் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று படுத்திருக்கும். பக்கத்தில் சர்வீஸ் வயர், கீழே சின்டெக்ஸ் தொட்டி, இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர். மழை தொடங்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். அறுப்பது பத்து நிமிட வேலை. எதையும் உடைக்காமல், மரத்தைக் கெடுக்காமல், ஏறினவர் முழுசாக இறங்கி வரும்படி அந்தக் கிளையைத் தரைக்குக் கொண்டுவரத்தான் மீதி அரை நாள் போகிறது. இந்தத் தொழிலுக்குள் வருகிறவர்கள் கற்க வேண்டியது அந்த அரை நாளைத்தான்.

ஏறும் முன்

முதலில் மரத்தைச் சுற்றி வாருங்கள், அடியிலிருந்து உச்சி வரை. தூரில் விசிறி போலக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குல்மோகரிலும் இயல்வாகையிலும் இது அடிக்கடி கண்ணில் படும். மரச்சுத்தியால் தண்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே கட்டை கெட்டியாக இருந்தால் சத்தம் ‘டக்’கென்று நிற்கும், பொந்தாக இருந்தால் பறை போல அதிரும். தண்டின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்கு கனத்துக்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மத்தெக் சொன்ன கணக்கு. அதற்கும் குறைந்தால் அந்த மரத்தில் கயிறு கட்டி ஏற வேண்டாம், கூடை வைத்த கிரேன் வண்டியைக் கூப்பிடுங்கள். தென்னை என்றால் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று பாருங்கள். அது தஞ்சாவூர் வாடல் நோய். அதுவும் காளான்தான், அந்த மரமும் நம்பி ஏறத் தக்கதல்ல.

வேம்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் நுனியெல்லாம் கருகி, நெருப்பு பட்டது போல வேப்ப மரம் நிற்பதைப் பார்த்துப் பட்டுவிட்டது என்று வெட்டச் சொல்வார்கள். அது நுனிக்கருகல் நோய். பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடும். சிறுகிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் வெட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

பிறகு மின்கம்பி. கிளையோ, ஆளோ, கயிறோ, ரம்பமோ கம்பிக்கு 3 மீட்டருக்குள் வர வாய்ப்பிருந்தால் மின்வாரிய லைன்மேன் எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, எர்த் கொடுத்த பிறகுதான் மரத்தில் கால் வைக்க வேண்டும். ‘பக்கத்துத் தெருவில் கரண்ட் இல்லை’ என்ற பேச்சை ஏற்கக் கூடாது. ஏதாவது ஒரு வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ தப்பாக இணைக்கப்பட்டிருந்தால் நிறுத்திய கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரும். எர்த் கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். ஈரக் கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

பூச்சிகளையும் பார்த்துவிடுங்கள். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடு இருந்தால் அந்தக் கிளைக்குப் போகும் பாதையை மாற்றலாம். மலைத்தேனீ அடை தொங்கினால் அன்று வேலையே இல்லை. செயின்சாவின் சத்தமும் அதிர்வும் போதும், மொத்தக் கூடும் எழுந்துவிடும். கயிற்றில் தொங்குகிறவர் ஓட முடியாது.

சாலையோர மரம், புறம்போக்கு மரம் என்றால் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். பொது இடத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி ஏறினால் கடைசியில் மாட்டிக்கொள்வது ரம்பம் வைத்திருந்தவர்தான்.

எடையைக் கணக்கிடுங்கள்

பச்சை மரம் ஏறத்தாழ தண்ணீரின் எடைதான்: ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 20 செ.மீ. விட்டமுள்ள கட்டை மீட்டருக்கு 31 கிலோ, 30 செ.மீ. என்றால் 70 கிலோ, 40 செ.மீ. என்றால் 126 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. பழகாத கண்ணை ஏமாற்றுவது இதுதான். ‘கொஞ்சம்தான் தடிமன் கூட’ என்று தோன்றும் கிளை கயிற்றைப் பிடித்திருப்பவரைத் தூக்கி அடித்துவிடும். இலைக்கும் சிறுகிளைக்கும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மழை நனைத்திருந்தால் அதற்கும் சேர்த்து.

2 மீட்டர் நீளம், 30 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 140 கிலோ. அதை மேலே ஒரு கப்பி வழியாகக் கட்டி இறக்கினால், கப்பி கட்டிய இடத்தில் விழும் பாரம் 140 அல்ல, ஏறத்தாழ 280. ஒரு பக்கம் கிளை இழுக்கிறது, மறுபக்கம் அதே அளவுக்குக் கீழே நிற்பவர் பிடித்திருக்கிறார். துண்டு அரை மீட்டர் விழுந்து கயிறு வெடுக்கென்று நின்றால் பாரம் இன்னும் பல மடங்கு ஏறும். அதனால் கயிற்றில் தளர்வே இருக்கக் கூடாது, துண்டுகளும் சிறியதாக இருக்கட்டும். முடிச்சு போட்டாலே கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கயிறு அறுபடும் எடை என்று கம்பெனி போட்டிருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

சாமான்கள்

கடையில் கிலோ கணக்கில் விற்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு தழை கட்டத்தான் லாயக்கு. பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். 165 டிகிரி சூட்டில் உருகிவிடும், வெயில் பட்டால் நூல் நூலாகப் பொடியும். கிளையில் உரசிக்கொண்டே ஓடும் கயிறு அந்தச் சூட்டை எளிதில் தொடும். ஏறு கயிறு 11 முதல் 13 மி.மீ. வரை தடிமனுள்ள, அதிகம் நீளாத, பின்னல் உறை போட்ட கயிறாக இருக்கட்டும். இறக்கு கயிறு வேறு: 12 முதல் 16 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர். கட்டை இறக்கிய கயிற்றில் ஒரு முறைகூட ஆள் ஏறக் கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் வாங்கினால் குழப்பம் வராது.

கட்டட வேலைக்கு விற்கும், முதுகில் வளையம் வைத்த பெல்ட் விழுந்தால் பிடிக்கும், தொங்கி வேலை செய்ய உதவாது. மரத்துக்கு வேண்டியது தொடைப்பட்டையும் முன்பக்க வளையமும் உள்ள ஹார்னஸ். அதில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் வேலை செய்யலாம். இடுப்பை மட்டும் சுற்றும் பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். விழுந்தால் அது நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும்.

கயிற்றையும் ஹார்னஸையும் இணைக்கும் கொக்கியான கேரபினர் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவு வேண்டிய வகையாக இருக்க வேண்டும். திருகு வகையில் அதிர்வு பட்டுப் பட்டுத் திருகு தானே கழன்றுவிடும். ஹெல்மெட்டுக்குத் தாடைப்பட்டை அவசியம். ஐ.எஸ். 2925 முத்திரை தரையில் நிற்பவருக்குப் போதும். ஏறுகிறவருக்குத் தலையைத் திருப்பினாலும் அசையாத வகை தேவை. செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுமூடி இல்லாமல் பத்து வருடம் வேலை செய்தால் காது போய்விடும். செயின்சா பேன்ட் விலை அதிகம்தான். உள்ளே இருக்கும் நீள நார்கள் செயினில் சுற்றி அதை நிறுத்திவிடும். தரையில் முன்பக்கம் மட்டும் நார் உள்ளது போதும், மரத்தில் கால் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் சுற்றிலும் நார் உள்ளதே வேண்டும். நம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு மேல் ஏற முடியாது. வேலையைக் காலை ஆறரைக்குத் தொடங்குங்கள், பேன்ட்டைக் கழற்றாதீர்கள்.

காலில் கட்டும் ஆணிக்கொக்கி முழுதாக அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும். உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண்.

செயின்சா இரண்டு வேண்டும். மேலே பிடி வைத்த சிறியது, 12 அல்லது 14 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), மரத்தில் ஏறிய பிறகு மட்டும். தரையில் பின்பிடி வைத்தது. சிறியது கைக்கு லேசாக இருக்கிறது என்று தரையிலும் அதையே ஒற்றைக் கையால் ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பாரின் நுனியில் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். இரண்டு கையும் பிடியில் இருந்து, இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைத்திருந்தால்தான் அதை அடக்க முடியும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது பொதுவான அளவு. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் செயின் ஆயிலும் ஊற்றுங்கள்.

செயின் கூராக இருக்கிறதா என்பதை அறுப்புத்தூள் சொல்லும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகக் கொட்டும், அழுத்தினால்தான் அறுக்கும், ஒரு பக்கமாக வளைந்து போகும். சிறிய ரம்பத்தின் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். மூன்று தள்ளு போதும் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. புளியும் தென்னையும் செயினைச் சீக்கிரம் தின்னும், அந்த நாளுக்கு இரண்டு செயின் கொண்டுபோங்கள். 10 செ.மீ.க்குக் கீழ் உள்ள கிளைக்கு இழுத்து அறுக்கும் வளைந்த கைரம்பமே வேகமானது, சத்தமும் இல்லை.

கயிறு போடுதல், ஏறுதல்

ஏறு கயிறு தொங்கும் கவை (கிளை பிரியும் இடம்) தண்டோடு சேர்ந்ததாக, குறைந்தது 10 செ.மீ. தடிமனுள்ளதாக, பச்சையாக இருக்கட்டும். 300 கிராம் எடையுள்ள எறிபையில் 2 மி.மீ. நூலைக் கட்டி அந்தக் கவைக்கு மேல் எறிந்து, நூலோடு கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். பை சிக்கினால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம், அது திரும்பி முகத்தில் வந்து மோதும். கயிறு போட்டதும் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பாருங்கள். ஏறும் முன் இந்தச் சோதனையை விடவே கூடாது.

ஏறு கயிற்றில் உங்களைப் பிடித்து நிறுத்துவது உராய்வு முடிச்சு. எளியது ப்ருசிக். 12 அல்லது 13 மி.மீ. கயிற்றின் மேல் 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள, சூடு தாங்கும் கயிற்று வளையத்தை அதனுள்ளேயே மூன்று முறை நுழைத்துச் சுற்ற வேண்டும். வெளியே ஆறு வரி தெரியும். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பிடிக்கிறதா என்று தரையிலேயே பாருங்கள். இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். விர்ரென்று இறங்கினால் முடிச்சின் உள்பக்கம் பளபளவென்று கண்ணாடி போலாகும், விரலால் தடவினால் வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். உருகி இறுகிய நார் அது. அந்தக் கயிற்று வளையத்தை அன்றே வெட்டி எறியுங்கள்.

ரம்பத்தைத் தொடும் முன் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும்: ஏறு கயிறு ஒன்று, தண்டைச் சுற்றிய இடுப்புக் கயிறு ஒன்று. செயின் ஒரு கயிற்றில் பட்டாலும் இன்னொன்று இருக்கும். இந்தத் தொழிலில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அறுத்தல்

கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். வேப்பங்கிளை என்றால் அடியில் சற்றுப் புடைத்து, கழுத்துச் சதை மடிந்தது போல வரி வரியாகச் சுருங்கியிருக்கும். மேலே கவைக்குள் பட்டை கறுத்து மேடாக ஒரு கோடு போகும். அந்த மேட்டுக்கும் அந்தப் புடைப்புக்கும் வெளியே கடைசி வெட்டு விழ வேண்டும். புடைப்பு தண்டின் சதை, அதை அறுத்தால் தண்டையே அறுத்ததாகும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துக் காட்டியது இதைத்தான்: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைக்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் வலு அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால் சுவர் எழாது. ஒரு சாண் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி பட்டு அழுகி, அழுகல் உள்ளே போகும்.

சிறிய கிளைக்கு மூன்று வெட்டு. புடைப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை முதல் வெட்டு. அதற்கு 5 செ.மீ. வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை விழுந்துவிடும். மீதிக் குட்டையைப் புடைப்பின் ஓரத்தில் மூன்றாவதாக எடுங்கள். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை பாதியில் முறிந்து, பட்டையைத் தண்டின் அடிவரை வார் வாராக உரித்துக்கொண்டு போகும். அடிவெட்டை ஆழமாகப் போட்டாலும் பாரம் அமுங்கி பாரைக் கவ்விக்கொள்ளும்.

மாடி மேல் படுத்த பெரிய கிளைக்கு இறக்கு கயிறு வேண்டும். கயிற்றின் கப்பி கிளைக்கு மேலே, உறுதியான வேறொரு கவையில் இருக்கட்டும். கயிற்றை எங்கே கட்டுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அறுக்கும் பக்கத்தில் கட்டினால் தழை நுனி முதலில் சரிந்து மாடியில் மோதும். நுனிப் பக்கம் கட்டினால் அடிப்பக்கம் முதலில் இறங்கித் தண்டை நோக்கி ஊஞ்சலாடி வரும், நுனி மாடியை விட்டு எழும். மாடிக்கு இதுதான் சரி. ஆனால் அந்த ஊஞ்சல் வரும் வழியில் நீங்கள் இருக்கக் கூடாது. வெட்டுக்கு மேலே, எதிர்ப்பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கிளையின் நடுவில் ஒரு இழுகயிறு கட்டிக் கீழே ஒருவரிடம் கொடுத்தால் கிளையை எந்தப் பக்கம் திருப்பவும் அவரால் முடியும்.

கீழே நிற்பவர் கயிற்றைத் தண்டின் அடியில் மூன்று சுற்று சுற்றி, உராய்வில் பாரத்தை விட்டு விட்டு இறக்க வேண்டும். கையில் சுற்றிக்கொண்டால் விரல் போகும். கால் வைத்த இடத்தில் கயிற்றின் சுருள் கிடக்கக் கூடாது. மேலே இருப்பவர் ‘அறுக்கிறேன்’ என்பார், கீழே இருப்பவர் ‘சரி’ என்று சொல்லும் வரை செயின் சுழலக் கூடாது.

கயிறு கட்ட மேலே கவையே இல்லாத இடத்தில் முறிவெட்டு உதவும். அடியிலிருந்து பாதிக்குச் சற்று மேல் வரை ஒரு வெட்டு, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி மேலிருந்து பாதிக்குச் சற்று மேல் வரை இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும், சந்திக்காது. துண்டு அப்படியே நிற்கும். ரம்பத்தை அணைத்து, கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் துண்டை அசைத்தால் நடுநார் ‘படக்’கென்று விடும். 15 செ.மீ. தடிமன், இரண்டடி நீளம் என்றால் 11 கிலோ, கையால் தாங்கி எறியலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஒரே பருவத்தில் பச்சைத் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையடித்துத் தரச் சொன்னால் மறுப்பதே நல்லது. மொட்டையடித்த மரம் பத்திருபது குச்சிகளைக் குபீரென்று தள்ளும். அவை பட்டைக்கு அடியில் மேலோட்டமாக மட்டும் ஒட்டியிருப்பவை. ஐந்தாறு வருடத்தில் அவையே கிளையாகப் பருத்து, அடியில் அழுகலோடு, அடுத்த புயலில் அதே மாடி மேல் விழும்.

பழகும் முறை

பிரிட்டனில் தரையில் செயின்சா, ஏறுதலும் மீட்பும், தொங்கியபடி செயின்சா என்று தனித்தனிச் சான்றிதழ். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதற்குப் போக முடியாது. ஆளைத் தூக்கும் சாமான்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியான ஒருவர் சோதித்து எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம்மிடம் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய தென்னை மர நண்பர்கள் பயிற்சி இருக்கிறது. ஆறு நாளில் கருவி கொண்டு தென்னை ஏறக் கற்றுத் தருகிறார்கள். உயரத்தின் பயம் தெளிய அது நல்ல தொடக்கம், ஆனால் கிளை உள்ள மரத்துக்கு அது போதாது.

வரிசையை நாமே வைத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் தரையில்: முடிச்சுகள், அரம் போடுதல், கயிறு பிடித்து இறக்குதல். கண்ணை மூடிக்கொண்டு ப்ருசிக் கட்ட வரும் வரை ஏற வேண்டாம். பிறகு 3 மீட்டர் உயரத்தில் வெறுங்கையோடு, அதன் பின் கைரம்பத்தோடு. செயின்சாவை மேலே கொண்டுபோவது கடைசி. அதற்கு முன் மீட்புப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும்: மயங்கித் தொங்கும் ஆளிடம் இரண்டாவது கயிற்றில் ஏறிப்போய் அவரை இறக்குவது. தொங்கும் காலில் ரத்தம் தேங்குவதால் நிமிடங்கள் முக்கியம், 108 வரும் வரை காத்திருக்க முடியாது. அதனால் தரையில் நிற்பவர்களில் ஒருவராவது ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கான ஹார்னஸும் கயிறும் வண்டியில் அல்ல, மரத்தடியில் விரித்து வைத்திருக்க வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணி ஏறுகிறவரின் ஹார்னஸிலேயே இருக்கட்டும்.

வேலை முடிந்த பின்

கூலி பேசும்போது தழை அள்ளுவதையும் கணக்கில் வையுங்கள், அறுக்கும் நேரத்தைவிட அதற்குத்தான் அதிகம் போகும். கயிற்றைத் தரையில் போட்டு மிதிக்காதீர்கள், மண் உள்ளே போய் நாரை அறுக்கும். வாரம் ஒரு முறை முழு நீளத்தையும் விரலிடையே ஓட்டிப் பாருங்கள். எங்காவது மெலிந்தோ, கெட்டியாகவோ, உறை கிழிந்தோ தட்டுப்பட்டால் அங்கே வெட்டிவிடுங்கள். ஆல், அரசு, பலா என்று பால் மரங்களில் வேலை செய்த அன்று பாரையும் செயினையும் மண்ணெண்ணெயில் துடைக்காவிட்டால் மறுநாள் பிசினாக இறுகிக் கிடக்கும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணம் எதுவும் பூச வேண்டாம், அவை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். அடுத்த வருடம் அந்தத் தெருப் பக்கம் போனால் வெட்டைப் போய்ப் பாருங்கள். புண்ணைச் சுற்றி உளுந்து வடை போல முழு வளையமாகப் பட்டை உருண்டு வந்திருந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இரண்டு பக்கம் மட்டும் உருண்டு மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் தண்டை ஒட்டி வெட்டியிருக்கிறீர்கள். அடுத்த கிளையில் பாரை ஒரு விரல் வெளியே வையுங்கள்.